முகம் தெரியாதவரிடம் யோசனை கேட்கலாமா?

சென்ற கோடையில் ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பைப் பார்க்கப் போயிருந்தேன். 2 ஏக்கர் தோப்பு, 140 மரங்கள். ஓலைகளின் அடிப்பக்கத்தில் சுருள் வெள்ளை ஈ வட்டம் வட்டமாக முட்டையிட்டிருந்தது. கீழ் ஓலைகளின் மேல் கரும்பூசணம் படிந்து, கரியைத் தடவியது போல இருந்தது. தோப்புக்காரர் தமது கைப்பேசியை எடுத்துக் காட்டினார்.

"சார், வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டுக் கேட்டனுங்க. அஞ்சு நிமிசத்துல ஒருத்தர் பதில் போட்டுட்டாருங்க. ரெண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னாரு. வடக்குப் பக்கம் 40 மரத்துக்கு அடிச்சுட்டனுங்க. இப்ப முன்னைக்கு ஜாஸ்தியாத்தான் இருக்குதுங்க."

"சொன்னவர் யாருங்க?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க சார். பேர் இல்லை; ரோசாப்பூப் படம் வெச்சிருக்காரு."

மருந்து தெளிக்காத தெற்குப் பக்கத்தில் ஓர் ஓலையை வெட்டி, அடிப்பக்கத்தைத் திருப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தோம். வெண்ணிற இளம் பூச்சிகளுக்கு நடுவே கறுத்துப் போனவையும் நிறைய இருந்தன. அந்தக் கறுப்பு, என்கார்சியா என்னும் சிறு குளவி உள்ளே முட்டையிட்டு, வெள்ளை ஈயைத் தின்று வளர்வதன் அடையாளம். மருந்து தெளித்த வடக்குப் பக்கத்து ஓலையில் கறுப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கலந்து தெளித்த மருந்து குளவியைக் கொன்றுவிட்டது. தப்பிய வெள்ளை ஈ தடையின்றிப் பெருகிவிட்டது.

மருந்து விலை, விசைத் தெளிப்பான் வாடகை, ஆள் கூலி எல்லாம் சேர்த்து அவருக்கு ஆன செலவு ஒரு பறிப்பின் வருமானத்தில் பெரும் பகுதி. பணம் போனதோடு, சம்பளம் வாங்காமல் தோப்பில் வேலை செய்துகொண்டிருந்த குளவியும் போய்விட்டது.

இந்த வெள்ளை ஈ நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில்தான் முதலில் தெரிய வந்தது. இதற்கு ரசாயனப் பூச்சி மருந்து தெளிக்க வேண்டாம் என்பதே சிபாரிசு. 5 அடி நீளமும் 1½ அடி அகலமும் உள்ள மஞ்சள் நிற பாலிதீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 8 வீதம் தொங்கவிட வேண்டும். விசைத் தெளிப்பானால் ஓலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம். கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா வீதம் கரைத்துக் காய்ச்சி, ஆறிய பின் தெளித்தால், அது காய்ந்து செதிலாக உதிரும்போது பூசணமும் சேர்ந்து உதிரும். குளவி தாக்கிக் கறுத்த ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத மரங்களில் குத்தி வைக்கலாம். செலவு குறைவு, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அன்று வானொலி, இன்று கைப்பேசி

முகம் தெரியாதவரின் யோசனையைக் கேட்பது நமக்குப் புதிதல்ல. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகம் பரவியபோது, விவசாயிகள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்தார்கள். திருச்சி வானொலியின் பண்ணைச் செய்திகளைக் கேட்டு அந்த ரகத்தைப் பயிரிட்டவர்கள் அவர்கள். பேசியவரின் முகத்தை அவர்களும் பார்த்ததில்லை.

ஆனால் வானொலிப் பேச்சுக்குப் பின்னால் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் வயல் இருந்தது. கேட்டவர் பஸ் ஏறிப் போய் அந்த நெல்லைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம். இன்று கைப்பேசியில் யோசனை சொல்பவர்களில் 30 வருடம் பயிர் செய்த அனுபவசாலியும் இருப்பார். மருந்து விற்பவரும் இருப்பார். நேற்றுப் படித்ததை இன்று சொல்பவரும் இருப்பார். மூவரின் எழுத்தும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆகையால் கேட்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வேளாண்மை அலுவலர் ஒருவர் பல கிராமங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயிர் அதுவரை காத்திருப்பதில்லை. 2018-ல் மக்காச்சோளத்தில் அமெரிக்கப் படைப்புழு வந்தபோது, "புழுவின் தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்துப் போல ஒரு கோடு இருக்கிறதா? வால் பக்கம் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கின்றனவா? பாருங்கள்" என்று கைப்பேசி வழியாகப் பரவிய செய்தி நல்ல பலன் தந்தது. படித்தவர்கள் தங்கள் காட்டுக்குப் போய்க் குருத்தைப் பிரித்து, புழுவைக் கையில் எடுத்துப் பார்த்து, தாங்களே முடிவுக்கு வந்தார்கள்.

இந்த இரண்டு செய்திகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தென்னந்தோப்புக்காரருக்கு வந்த பதில் அவரைக் கடைக்கு அனுப்பியது. படைப்புழு பற்றிய செய்தி விவசாயிகளை வயலுக்கு அனுப்பியது. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் பதிலே நல்ல பதில். மருந்தின் பெயரை மட்டும் சொல்லும் பதிலைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டும்.

நான் செய்த தவறு

பதில் சொல்பவர் படித்தவராக இருந்தால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். சில வருடங்களுக்கு முன் நிலக்கடலை விவசாயி ஒருவர் எனக்கே ஒரு படம் அனுப்பினார். மஞ்சளாகிப் போன ஒரே ஓர் இலை. "என்ன செய்யலாம் ஐயா?" என்று கேட்டிருந்தார். அவர் ஊர் சுண்ணாம்பு நிறைந்த நிலம் என்பது எனக்குத் தெரியும். இரும்புச் சத்துக் குறைவு என்று முடிவு கட்டி, அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கச் சொன்னேன். அவர் இரண்டு முறை தெளித்தார்.

பத்து நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது காட்டில் இறங்கினேன். செடிகள் திட்டுத் திட்டாக வாடிக் கிடந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேரை வேர்ப்புழு தின்றிருந்தது. மண்ணைக் கிளறியதும் வெள்ளைப் புழுக்கள் வளைந்து கிடந்தன. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் அவருக்குத் திரும்பி வராது. "செடியைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி நான் கேட்டிருந்தால் போதும்.

அன்று முதல், ஒரே ஓர் இலையின் படத்துக்கு நான் பதில் சொல்வதில்லை.

எப்படிக் கேட்க வேண்டும்?

"நெல் மஞ்சளாக இருக்கிறது, என்ன அடிக்கலாம்?" என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். ஏனெனில் மஞ்சளுக்குக் காரணங்கள் பல. தழைச்சத்துக் குறைந்தால் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புச் சத்துக் குறைந்தால் புது இலைகள் வெளுக்கும். துத்தநாகச் சத்துக் குறைந்தால் நட்ட 2, 3 வாரத்தில் இலைகளில் துருப்பிடித்தது போன்ற புள்ளிகள் தோன்றிப் பயிர் கட்டையாக நிற்கும். புகையான் தாக்கினால் திட்டுத் திட்டாக மஞ்சளாகி, பிறகு தீய்ந்தது போலக் காயும். தூரைப் பிரித்து நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பார்த்தால் பூச்சி கூட்டமாக இருக்கும்.

புகையான் தாக்கிய வயலுக்கு "மஞ்சள்தானே, யூரியா போடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். தழைச்சத்து அதிகமானால் புகையானும் அதிகமாகும். செயற்கைப் பைரித்திராய்டு மருந்தை அடிக்கச் சொன்னாலும் அதே கதைதான். அது புகையானை மேலும் பெருகச் செய்யும். முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும்.

எனவே கேள்வியோடு கீழ்க்கண்ட விவரங்களையும் சேர்த்து அனுப்புவது அவசியம்:

1. பயிர், ரகம், விதைத்து அல்லது நட்டு எத்தனை நாள்.

2. ஊர், மண், பாசன வசதி. கடைசியாக மழை பெய்தது எப்போது.

3. வயல் முழுவதுமா, திட்டுத் திட்டாகவா, வரப்போரம் மட்டுமா. அடி இலையிலா, நுனிக் குருத்திலா.

4. இதுவரை போட்ட உரம், அடித்த மருந்து, தேதியோடு.

5. குறைந்தது நான்கு படங்கள்: தூரத்திலிருந்து வயல், முழுச் செடி, இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும், மண்ணோடு பிடுங்கிய வேர். பக்கத்தில் நன்றாக இருக்கும் ஒரு செடியையும் சேர்த்துப் படம் எடுத்தால் வித்தியாசம் தெரியும். காலை வெளிச்சத்தில் எடுப்பது நல்லது.

இந்த விவரங்களைச் சேகரிக்கும்போதே பாதி விடை உங்களுக்குக் கிடைத்துவிடும் என்பதை அனுபவத்தில் காண்பீர்கள்.

பதில் சொன்னவரைக் கேளுங்கள்

யோசனை சொன்னவரைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. உண்மையான அனுபவசாலி கேள்வியைக் கண்டு கோபப்படமாட்டார். "ஐயா, உங்கள் ஊர் எது? இதை உங்கள் காட்டிலேயே செய்து பார்த்தீர்களா, கேள்விப்பட்டதா? எந்த அடையாளத்தைப் பார்த்து இந்த நோய் என்கிறீர்கள்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அந்த யோசனையை விட்டுவிடலாம்.

மருந்தைச் சொன்னால், கம்பெனி வைத்த பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் அதன் ரசாயனப் பெயரையும் அளவையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். டப்பாவின் மேல் எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை என்பவை அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் பயிர் அதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடிக்கும் யோசனையை அறவே ஒதுக்குவது நல்லது.

பழைய சிபாரிசுகளும் இப்போது புதிது போலச் சுற்றி வருகின்றன. எண்டோசல்பான் மருந்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. போரேட் குருணை 2020-ஆம் ஆண்டு இறுதியோடு தடை செய்யப்பட்டது. ஒரு காலத்தில் நாங்களே சிபாரிசு செய்த மருந்துகள் இவை. பழைய துண்டுப் பிரசுரத்தைப் படம் எடுத்து யாராவது அனுப்பினால், அதில் இருக்கும் ஆண்டைப் பார்க்கவும்.

5 சென்ட் பரீட்சை

யோசனை நன்றாகத்தான் தோன்றுகிறது, சொன்னவரும் நம்பிக்கையானவர் என்றால்கூட, எடுத்த எடுப்பில் முழு வயலுக்கும் செய்ய வேண்டாம். 5 சென்ட் இடத்தில் செய்து, நான்கு மூலையிலும் குச்சி நட்டு, தேதியை எழுதி வையுங்கள். பக்கத்திலேயே செய்யாத 5 சென்டையும் அதே போலக் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் செலவு மிச்சம். பயிர் வளர்ச்சி ஊக்கி, திரவ உரம், வீட்டுக் கரைசல் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தப் பரீட்சை பொருந்தும்.

வேகமாகப் பரவும் பூச்சியாக இருந்தால் பரீட்சைக்கு நேரம் இருக்காது. அப்போது குழுவை நம்பிக் காத்திருக்காமல் நேரடியாக அலுவலரை அழைப்பதே முறை.

வதந்தி வந்தால்

யோசனையைப் போலவே வதந்தியும் முகம் தெரியாதவரிடமிருந்துதான் வருகிறது. யோசனை தவறானால் ஒருவர் வயல் நஷ்டமாகும். வதந்தி பரவினால் ஊரே நஷ்டப்படும்.

2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழி தின்றால் கொரோனா வரும் என்ற செய்தி கைப்பேசிகளில் பரவியது. அதற்கு ஆதாரம் இல்லை என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு போய்ச் சேருமுன் வதந்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கறிக்கோழி விலையும் நாமக்கல் முட்டை விலையும் சரிந்தன. கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளத்தின் விலையும் இறங்கியது. அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் கோழி வளர்ப்பவரின் உறவினர்களும், மக்காச்சோளம் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். நாலு பேருக்கு நல்லது என்று நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள்.

அதே ஆண்டு மே மாதம் வடமாநிலங்களில் பாலைவன வெட்டுக்கிளிகள் படையெடுத்தன. அந்தச் சமயத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் மொய்த்தன. "தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது" என்று படங்கள் பறந்தன. அலுவலர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். அவை எருக்கை விரும்பித் தின்னும் உள்ளூர் வெட்டுக்கிளிகள். பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல. பாலைவன வெட்டுக்கிளி எருக்கைத் தேடிப் போய் உட்காராது. பெருங்கூட்டமாகப் பறந்து வந்து, கண்ட பச்சையை எல்லாம் தின்னும். எந்தச் செடியில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்திருந்தாலே சந்தேகம் தீர்ந்திருக்கும்.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது என்ற பேச்சும் அப்படிப்பட்டதே. இரும்புச் சத்து முதலியவை சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலந்து கொடுக்கப்பட்டபோது, நிறம் மாறியிருந்த அந்த அரிசியைப் பார்த்துப் பலர் பயந்து, பொறுக்கி எறிந்தார்கள். எறிந்தது சத்துள்ள அரிசியை.

வதந்தியைச் சோதிக்கச் சில வழிகள்:

செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். பல கை மாறியது என்பதால் பொய் என்றில்லை. ஆனால் அனுப்பியவருக்கு அதன் மூலம் தெரியாமல் இருக்கலாம்.

செய்தியில் ஊர், தேதி, சொன்ன அலுவலகம் ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். "நேற்று", "பக்கத்து மாவட்டத்தில்", "விஞ்ஞானிகள்" என்று மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

படமாக இருந்தால் வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்து, கூகுள் லென்சில் தேடச் சொல்லுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் வேறு நாட்டில் எடுத்த படம் என்று பலமுறை தெரிய வந்திருக்கிறது.

அந்த ஊரில் உறவினரோ, வியாபாரியோ இருந்தால் ஒரு போன் போட்டு, "நீங்களே கண்ணால் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். அதுவரை யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஒரு ராத்திரி தாமதித்தால் எந்த நல்ல செய்தியும் கெட்டுப் போகாது.

பணம் பறிக்கும் செய்திகள்

விவசாயிகளுக்கு வருடம் 6,000 ரூபாய் தரும் பிரதம மந்திரி கிசான் திட்டத்தின் பெயரால் போலிச் செய்திகள் வருகின்றன. "உங்கள் தவணை நின்றுவிட்டது, இதைத் தொட்டுச் செயலியை இறக்குங்கள்" என்று இருக்கும். தொட்டால் கைப்பேசியே மற்றவர் கைக்குப் போய்விடும். வங்கிப் பணமும் பின்னால் போகும். அரசு எந்தத் திட்டத்துக்கும் வாட்ஸ்அப்பில் செயலியை அனுப்புவதில்லை. ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டதென்றால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

யாரிடம் உறுதி செய்வது?

கிசான் அழைப்பு மையத்தின் எண் 1800-180-1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் உழவன் செயலியில் உங்கள் வட்டாரத்துக்கு உரிய அலுவலரின் விவரம் கிடைக்கும். மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் செடியை வேரோடு, மண்ணோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு போகலாம். தபாலில் வரும் இலை வாடிவிடும். நேரில் கொண்டு போவதே சிறந்தது.

குழு நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. யோசனை கேட்டவர் பின்னர் என்ன பலன் கண்டார் என்பதை அவரே குழுவில் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் ஏற்படுத்துங்கள். பலிக்காததையும் எழுத வேண்டும். அதுவே அடுத்தவருக்குப் பாடம். அப்படி ஆறு மாதம் நடந்தால், யார் சொல்வதைக் கேட்கலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஆனைமலைத் தோப்புக்காரர் அதைத்தான் செய்தார். வடக்குப் பக்கத்து ஓலையையும் தெற்குப் பக்கத்து ஓலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, தாம் மருந்தடித்து ஏமாந்ததை மறைக்காமல் எழுதிக் குழுவில் போட்டார். கறுத்த ஓலைத் துண்டுகளைத் தெற்கிலிருந்து வெட்டி வடக்கு மரங்களில் குத்தி வைத்தார். இப்போது அந்தக் குழுவில் யாராவது வெள்ளை ஈ என்று படம் போட்டால், அவரிடமிருந்துதான் முதல் பதில் வருகிறது: "ஓலையைத் திருப்பிப் பாத்தீங்களா? கறுப்பு இருக்குதுங்களா?"